தலை வெட்டிய வயலின்

“தலையை வெட்டிரட்டுமா?” என்று அப்பா ஒருநாள் குன்வோரிடம் கேட்டார். அவர் மடியில் கிடந்தது அவளுடைய வயலின். பெர்கன் நகர இசைப்பள்ளியில் சேர அவள் எடுத்துப்போக வேண்டியது.

“நாலு தந்திக்கு அடியில இன்னும் நாலு ஓட்டணும். இந்தத் தலை பத்தாது. பெர்கன்ல இத வாசிக்க ஆயிரம் பேர் இருக்கான். எனக்கப்புறம் நம்மூர்க் கல்யாணத்துக்கு யாரு இருக்கா?”

அவள் பேசவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார். குளிர்காலம் முழுக்க அடுப்போரம் உட்கார்ந்து, இருமிக்கொண்டே செதுக்கினார். வயலினின் சுருள் இருந்த இடத்தில் கிரீடம் வைத்த சிங்கத்தலை வந்தது. அடியில், வில் படாத நான்கு தந்திகள். மேலே வாசித்தால் அவை தாமாகவே முனகும். பெர்கன் பாடம் எதுவும் இனி அதில் ஏறாது.

இப்போது அவர் கூடத்தில், சவப்பெட்டிக்குள் இருந்தார். வெளியே அண்ணன், சாவு வீட்டு வழக்கப்படி, கேட் வரைக்கும் பனிமேல் ஊசியிலைத் தழையைத் தூவிக்கொண்டிருந்தான்.

“பெட்டிக்கு முன்னாடி நீதான் வாசிச்சுட்டுப் போற,” என்றாள் அத்தை ஓஸ்னெ, தட்டில் ரொட்டியை அடுக்கியபடி.

“அத்தை, நான்...”

“என்ன நான்? அப்பன் ஆசை. மே மாசம் ஹால்டோர் பொண்ணுக்குக் கல்யாணம். கேட்டாங்க, சரின்னுட்டேன்.”

பக்கத்துப் பண்ணை ஹால்டோர் காப்பியை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார். “உங்கப்பனுக்கு பீர் ஊத்தி மாளாது. நீ காப்பியோட விட்டுருவ. எனக்கு லாபம்தான் பாப்பா.”

எல்லோரும் எழுந்து நின்று பெட்டியை வழியனுப்பும் பாட்டைத் தொடங்கினார்கள். இரண்டாம் அடியில் சுவரில் மாட்டியிருந்த சிங்கத்தலைப் பிடில் முனகத் தொடங்கியது. யாரும் தொடவில்லை. பாட்டின் சுரத்துக்கு அடித்தந்திகள் பதில் சொல்லின. பாடியவாறே அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“பாத்தியா,” என்றாள் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு. “உன்னத்தான் கூப்பிடறான்.”

குன்வோர் அதைக் கழற்றினாள்.

கல்யாணமோ சாவோ, வாத்தியக்காரர் முன்னே போவார். ஊர் அவர் முதுகைப் பார்த்து நடக்கும். அவள் முதுகுக்குப் பின்னால் பெட்டி வந்தது. அப்பாவின் நடையிசையை ஓரிடம் விடாமல், தழை முடிகிற இடம்வரை வாசித்தாள். கேட்டுக்கு வெளியே வலப்பக்கம் தேவாலயம். இடப்பக்கம் பெர்கன் படகு கிளம்பும் துறை.

அங்கே நின்றாள். வாசித்து முடித்ததும் அப்பா செய்வதுபோல வில்லின் திருகைத் தளர்த்தினாள். வில்லையும் பிடிலையும் பெட்டிமேல் வைத்தாள். அடித்தந்திகள் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“என்னடி பண்ற?” என்றாள் அத்தை.

குன்வோர் இடப்பக்கம் திரும்பினாள். பெட்டி சுமந்தவர்கள் வழக்கப்படி அவள் பின்னால் ஓரடி எடுத்துவைத்து, நின்றார்கள். தழை தூவாத வெறும் பனியில் அவள் போய்க்கொண்டிருந்தாள்.