கஞ்சி இல்லாத பட்டு

மாசி மாதம். புதுச்சத்திரத்து ஏரி வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதன் நடுவே விழுந்து கிடந்த வாணத்தின் தகரக் குழலுக்குள் கையை விட்டுத் தன் துணியை இழுத்துக்கொண்டிருந்தாள் சௌந்திரம். ராசிபுரத்தில் பட்டு நெய்கிறவள். வானத்தில் குடையாக விரிந்திருக்க வேண்டிய துணி, மடித்த மடிப்புக் கலையாமல் அப்பளக் கட்டு மாதிரி வந்தது. அதில் கட்டியிருந்த கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

நல்லவேளை, இன்றைக்குக் கட்டியது கல். வருகிற ஞாயிறு அந்த இடத்தில் மிக்கேலின் பெட்டி இருக்கும்.

மிக்கேல் அவள் தெருவிலேயே லாரிப் பட்டறை வைத்திருப்பவர். மூன்று மாதத்துக்கு முன்னால் கேரளக் கடற்கரையில் தும்பாவிலிருந்து போன ராக்கெட் விட்ட புகை, அந்தி வானத்தில் செம்மஞ்சளாகத் தெரிந்தது. அன்று முதல் அவருக்கு ஒரே கேள்விதான்: அந்தோணியார் தேருக்கு நம் ஊரில் விடும் வாணம் எத்தனை அடி போகிறது? வாணக்காரர் கந்தவேலைக் கேட்டால் மேகத்தைத் தொடும் என்பார். தொட்டதைப் பார்த்தவர் யாரும் இல்லை.

அதற்காகத்தான் அந்தப் பெட்டி. ஏற்காட்டுத் தோட்டத் துரை ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்ற காற்றழுத்தமானியிலிருந்து எடுத்த பித்தளைச் சிமிழ் அதற்குள் இருந்தது. சிமிழுக்குள் காற்று கிடையாது. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். குறையக் குறையச் சிமிழ் உப்பும். உப்பும்போது ஓர் ஊசியைத் தள்ளும். ஊசி, விளக்குப் புகை படிந்த கண்ணாடியில் கீறும். கீறல் எவ்வளவு நீளமோ அவ்வளவு உயரம். அளவு தெரிந்துகொள்ள மிக்கேல் பெட்டியைச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனார். நாலாயிரம் அடி ஏற்றத்துக்குக் கீறல் கட்டைவிரல் நகத்தின் அகலம் வந்தது. அப்படிப்பட்ட சிமிழ் இன்னொன்று கிடைக்காது.

பழைய குடைத் துணியே போதும் என்றவரிடம், பட்டுதான் எடைக்கு எடை தாங்கும் என்று வாதாடி வேலையை வாங்கியவள் சௌந்திரம்.

“வானத்துக்கே சீலை நெஞ்சீங்களாக்கும். அது உடுத்த மாட்டேனுடுச்சு பாருங்க,” என்றார் கந்தவேல்.

மிக்கேல் சிரிக்கவில்லை. “குடைத் துணியே கட்டிக்கலாம் அம்மிணி. சிமிழு ஒண்ணே ஒண்ணுதானுங்க இருக்குது.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கண்ணா,” என்றாள் அவள்.

வீட்டில் துணியை மடியில் போட்டுக்கொண்டு யோசித்தாள். நூல் அறவில்லை, சிக்கவும் இல்லை. கந்தவேலின் வேலையிலும் குறையில்லை. குழலில் கீழ் மருந்து எரிந்து தீரும் இடத்தில் ஒரு சிட்டிகை வெடிமருந்து வைத்திருந்தார். அது வெடித்து மூடியையும் தள்ளியிருக்கிறது, துணியையும் பாதி வழி தள்ளியிருக்கிறது. பட்டு கருகாமலிருக்க இடையில் பச்சை வாழைப்பட்டையை வில்லையாக நறுக்கி அடைத்திருந்தார். பட்டு கருகவும் இல்லை.

மடிப்பைப் பிரித்தபோது சர்ரென்று சத்தம் வந்தது. முகர்ந்து பார்த்தாள். வடித்த சோற்றின் வாசனை.

பாவு நூல் அறாமலிருக்க அரிசிக் கஞ்சி போடுவார்கள். நெய்து முடித்தபின் சேலை மொடமொடவென்று நிற்க இன்னொரு கை கஞ்சி. விறைப்பில்லாத பட்டைத் தறியிலிருந்து இறக்க எந்த நெசவுக்காரிக்கும் மனசு வராது. வானத்துக்குப் போகிற துணி என்று இவள் மூன்றாவது முறையும் போட்டிருந்தாள். வாழைப்பட்டையின் ஈரம் சூட்டில் ஆவியாகி, அந்தக் கஞ்சியை மறுபடி வேகவைத்துப் பசையாக்கிவிட்டது.

பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரைத்து, துணியை ஏழு தண்ணீரில் அலசினாள். எட்டாவது தண்ணீர் கலங்கவில்லை. காய்ந்தபின் துணி கையில் நிற்காமல் வழுக்கியது. அவள் கணவன் பொன்னன் அதைத் தொட்டுப் பார்த்து, நம் தறியில் நெய்தது என்று வெளியே சொல்லிவிடாதே என்றான்.

வெள்ளிக்கிழமை அதே வாழைப்பட்டை வில்லை, அதே சிட்டிகை மருந்து வைத்துக் குழலைத் தரையிலேயே வெடிக்கும்படி கந்தவேலிடம் சொன்னாள். துணி துள்ளி வெளியே வந்து மண்ணில் பரந்தது. மிக்கேல் அதை மூன்று தடவை உதறிப் பார்த்தார். பிறகு பெட்டியை எடுத்துவந்து கட்டினார்.

ஞாயிறு காலை, பூசை முடிந்து மிக்கேல் வந்து சேர்ந்ததும் திரி வைத்தார்கள். வாணம் சீறிப் போய்ப் புள்ளியாகி, புள்ளியும் மறைந்தது. சௌந்திரம் மேலேயே பார்த்தாள். மெல்லிய டப் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் வெயிலில் மாம்பழ நிறத்தில் ஒரு பொட்டு, ஆடிக்கொண்டு, அவசரமே இல்லாமல்.

வேலிக்காத்தான் புதருக்குள் இறங்கிய பெட்டியை மிக்கேல் தானே திறக்காமல் அவளிடம் நீட்டினார். கண்ணாடி முழுசாக இருந்தது. கரியில் வெள்ளையாக ஒரு கீறல். மிக்கேல் கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்தார். நகத்தில் சரிபாதி.

“பாதி ஏற்காடு,” என்றார்.

கந்தவேலுக்கு மேகம் கைநழுவிய வருத்தம். சௌந்திரம் கண்ணாடியைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

“அண்ணா, கோடு நேராப் போய்க் கடைசில லேசா நடுங்கியிருக்குதுங்க. அவ்வளவு உசரத்துல என்னாச்சுங்க?”

மூவரும் குனிந்து பார்த்தார்கள்.