குழைப் பாத்தியில் யூரியா

சிவகரன் உலக்கையைத் தூக்கியதும் பெரியப்பா நல்லதம்பி அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். உலக்கை நழுவி உரல் விளிம்பில் மோதியது. செத்தவீட்டுச் சனம் விலகி நின்றது. சவத்தில் பூசும் மஞ்சள் சுண்ணத்தைக் கொள்ளி வைக்கிற மகன்தான் முதலில் இடிக்க வேண்டும்.

“தகப்பனை விழுத்தின கையால சுண்ணம் இடிக்கப்போறியோ?”

அடுத்த அடியில் சிவகரனின் உதடு கிழிந்தது. அண்ணன் கையை உயர்த்தவில்லை. இந்தப் பொறுமை முந்தாநாள் எங்கே போனது என்று தங்கை ராஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாம் பாழாய்ப்போன கத்தரித் தோட்டத்தால் வந்த வினை. மாட்டெருவும் பச்சைக் குழையும் மண்ணில் தாழ்த்தினால் போதும் என்பார் அப்பா. யூரியா இல்லாமல் காய் வராது என்பான் அண்ணன். ஜெயபுரம் முழுக்கப் பார்க்கட்டும் என்று ஆளுக்குப் பத்துப் பாத்தி போட்டார்கள். அண்ணனின் செடி கறுத்துச் செழித்துக் காயும் முந்தியது. ஆனால் தண்ணீர் இறைத்த மறுநாளே அவன் மண் இறுகி வெடித்தது. அப்பாவின் மண் மூன்று நாள் ஈரம் வைத்திருந்தது, கிண்டினால் மண்புழு நெளிந்தது. செடிதான் வெளிறி நின்றது. அப்பா ஊருக்கு முன்னால் தோற்கக்கூடாதென்று இந்த மடையன் அவர் பாத்தியிலும் களவாக யூரியா தூவிவிட்டான்.

பாத்தியில் யூரியாவின் வெள்ளைக் குறுணியைக் கண்ட அப்பா மண்வெட்டிப் பிடியால் அவன் முதுகில் விளாசினார். மூன்றாவது அடிக்கு அவன் தள்ளினான். அப்பாவின் தலை இறைப்பு மிசினின் இரும்பில் அடிபட்டது. அந்தச் சத்தம் ராஜினிக்கு இன்னும் காதுக்குள் கேட்டது. வாய்க்கால் தண்ணீர் சிவந்து பாத்திக்குள் போனது. மரண விசாரணையில், வழுக்கி விழுந்தார் என்றுதான் சொல்லியிருந்தாள்.

பெரியப்பா அவளை இழுத்துச் சவப்பெட்டிக்கருகில் நிறுத்தினார்.

“நீதான் பக்கத்தில நிண்டனி. கொப்பரின்ர காலைத் தொட்டுச் சொல்லு. அவர் விழுந்தவரோ, இவன் விழுத்தினவனோ?”

அண்ணனைக் கொல்ல வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஒரு சொல் போதும், பொலிஸ் கொண்டுபோய்விடும். தலைமாட்டில் அம்மா அழாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜினி குனிந்து அப்பாவின் பாதத்தைத் தொட்டாள்.

“வழுக்கி விழுந்தவர், பெரியப்பா. நான் கண்டனான்.”

பெரியப்பா கையை விட்டார். அண்ணன் வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைக்காமலே உலக்கையை எடுத்தான். அம்மா எழுந்து வந்து ராஜினியின் கையைப் பிடித்து, அவன் கைக்குக் கீழே உலக்கையில் வைத்தாள்.

“நீயும் சேந்து இடி.”

இருவரும் இடித்தார்கள். மஞ்சள் பொடிந்து உரலுக்கு வெளியே தெறித்தது.