சூரியக்காரன் முகத்தில் உட்கார்ந்த தட்டு

சூரியக்காரனின் முகத்தின் மேல் ஒரு கறுப்பு வட்டம் வந்து உட்கார்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வெங்காய விலை ஏறியிருந்தது, குழாயில் தண்ணீர் தாமதமாக வந்தது, மற்றபடி அது சாதாரண நாள்தான். பல் தேய்த்துவிட்டு நிமிர்ந்தவன் கண்ணாடியில் பார்த்தால், தலைமுடி இருந்தது, காதுகள் இருந்தன, கழுத்து இருந்தது. நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் சுத்தமான கறுப்பு. விளிம்பைச் சுற்றி வெள்ளிக் கம்பி போல மெல்லிய ஒளி. தொட்டுப் பார்த்தான், விரல் கறுப்புக்குள் நேராகப் போய் மூக்கில் இடித்தது. உள்ளேயிருந்து அவனுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அவன்தான் மற்றவர்களுக்குத் தெரியாமல் போனான். இனி சவரம் செய்யும் வேலை மிச்சம் என்று முதலில் நினைத்தான், பிறகுதான் பயந்தான்.

அந்த வட்டம் அவனுக்குப் புதிதல்ல. விண்வெளியில் சுற்றும் ஒரு தொலைநோக்கி அனுப்பும் சூரியப் படங்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. சூரியனைச் சுற்றி முத்து நிறத்தில் ஒரு மெல்லிய ஒளி உண்டு. சூரியன் போடும் கூச்சலில் அது கண்ணுக்கே தெரியாது. கிரகணத்தன்று நிலா வந்து மறைத்தால் தெரியும். நினைத்தபோதெல்லாம் நிலாவைக் கூப்பிட முடியாது என்பதால், தொலைநோக்கிக்குள்ளேயே ஒரு சின்னக் கறுப்புத் தட்டை வைத்துச் சூரியனை அதன் பின்னால் நிறுத்திவிடுவார்கள். மறைதட்டு என்று பெயர். தட்டு சூரியனைவிட ஒரு இழை பெரிதாக இருக்க வேண்டும், சரியாக நடுவில் இருக்க வேண்டும். மயிரிழை விலகினாலும் ஓரத்தில் சூரியன் எட்டிப் பார்த்து, படம் மொத்தமும் பாழாகிவிடும். அப்படி விலகும்போது ‘கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது’ என்று மேலே கட்டளை அனுப்பத்தான் அவனுக்குச் சம்பளம். “மங்கலானது தெரியணும்னா பிரகாசமானதை மறைக்கணும்” என்று பள்ளி விழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் சொல்லியிருக்கிறான். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்ன பிறகும் சொல்லியிருக்கிறான். இதை வீட்டுக்குள் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று மட்டும் அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அவன் மனைவி அதே கட்டடத்தில், மாடியில், தொலைதூர கேலக்ஸிகளைப் பார்ப்பவள். அவளுடைய தொலைநோக்கி, ஒன்றுமே இல்லாத ஓரிடத்தை நாள்கணக்கில் முறைத்துக்கொண்டிருக்கும். கடைசியில் ஒரு மங்கல் புள்ளி கிடைக்கும். அந்த ஒளி கிளம்பியபோது சூரியனே பிறந்திருக்கவில்லை. “இன்னைக்கு என்ன கறை கிடைச்சுது?” என்று சாயங்காலம் கேட்பான் இவன். பதிலுக்குக் காத்திருந்ததில்லை, அதற்குள் அன்றைய சூரியச் சேதி ஆரம்பித்துவிடும். போன வருடம் அவள் குழு கண்டுபிடித்த ஒரு கேலக்ஸிக்காக அலுவலகத்தில் விருந்து வைத்தார்கள். கணவர் என்ற முறையில் இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். சூரியனைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினான். கைதட்டல் பலமாக இருந்ததாக அவனுக்கு நினைவு. முடித்ததற்குத் தட்டினார்கள் என்று, அவர்களோடு இருக்கும் மனைவியின் அம்மா அன்றே சொன்னாள். மாமியார் பேச்சு என்று விட்டுவிட்டான்.

கறுப்பு வட்டத்தோடு அலுவலகம் போனான். வாசலில் முகம் பார்த்துக் கதவு திறக்கும் இயந்திரம் திறக்க மறுத்தது. காவலாளி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “சார் குரல் கேட்டா போதும், உள்ள போங்க” என்றார். கேட்ட குரலும் குடத்துக்குள்ளிருந்து வருவது போலத்தான் வந்தது. தட்டு முகத்தை மட்டும் மறைக்கவில்லை, பேச்சையும் மறைத்தது. நாலு சொல் வரைக்கும் வெளியே வரும், அதற்கு மேல் போனால் தேய்ந்து காணாமல் போய்விடும். மதியக் கூட்டம் வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரம் முடிந்தது. பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கீச்சென்ற சிரிப்பு ஒன்று இருப்பது அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது. இயக்குநர், “உடம்பு பரவாயில்லையா?” என்று கேட்டார், “அவசரப்பட்டு சரி பண்ணிக்க வேண்டாம்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

தோல் மருத்துவர் வட்டத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, பசி எப்படி, தூக்கம் எப்படி என்று விசாரித்து, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இவன் அளவுகோல் எடுத்து அளந்து பார்த்தான். வட்டம் முகத்தைவிட ஒரு இழை பெரிது. சூரியனுக்கு வைக்கிற அதே கணக்கு! பயமெல்லாம் எங்கோ பறந்துவிட்டது. மங்கின விளக்குக்கு யாராவது மறைதட்டு வைப்பார்களா? பிரபஞ்சமே பார்த்துக் கூசியிருக்கிறது என்று வழி நெடுக மார்பு விம்ம நடந்தான். மார்பு விம்மியதை யாரும் கவனிக்கவில்லை, முகம் இல்லாத மார்பை யார் பார்க்கிறார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போதுதான் மனைவி அதைச் சொன்னாள். பல மாதமாக அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துக்கொண்டிருந்தாள். “என்னங்க, எனக்கு ஒரு...” என்பாள், இவன் உள்ளே புகுந்துவிடுவான். அன்றும் “என்னங்க, எனக்கு ஒரு...” என்றாள். இவன் புகுந்தான். நாலு சொல்லோடு சத்தம் தட்டிலேயே நின்றுவிட்டது. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அதற்கு மேல் எதுவும் வராததால், பழக்கமில்லாத பாதையில் கால் வைப்பவளைப் போல மெதுவாக மேலே போனாள்.

“...எனக்கு ஒரு வேலை வந்திருக்கு. வேற ஊர்ல. புது தொலைநோக்கிக்கு கேலக்ஸி குழுவை நடத்தச் சொல்றாங்க. ரெண்டு வருஷம். வெள்ளிக்கிழமை நேர்காணல். வேண்டாம்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ஆனா மனசு ஒப்பல.”

வாடகை, மாமியாரின் முழங்கால், தன் தொலைநோக்கியை விட்டு வர முடியாத நிலை என்று ஒரு பெரிய சொற்பொழிவே அவன் தொண்டை வரை வந்தது. அவ்வளவும் உள்ளேயே சுற்றி ஓய்ந்தது. அந்த அமைதியில் அவளைப் பார்த்தான். வகிட்டோரம் நரை விழுந்திருந்தது. எப்போது விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. சூரியனில் புதிதாக ஒரு புள்ளி வந்தால் முதல் ஆளாகச் சொல்கிறவன் அவன். வெட்கமாக இருந்தது. அவள் இல்லாத வீட்டையும் நினைத்துப் பார்த்தான்.

“என்னை விட்டுட்டா?” என்றான். வெளியே வந்த சொல் அவ்வளவுதான்.

“விட்டுட்டு இல்லைங்க, போயிட்டு வருவேன். நீங்க அனுமதி தரணும்னு கேக்கல. இதை ஒரு தடவை முழுசா சொல்லணும்னு இருந்துச்சு, அவ்வளவுதான். ஆனா மனசு ஒப்பல.”

“இப்பத்தான் வீடு வெளிச்சமா இருக்கு” என்றாள் மாமியார், பொதுவாக.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்து வைத்து மனைவி உட்கார்ந்தாள். பக்கத்தில் இருக்கச் சொன்னாள், இருந்தான். திரையில் நான்கு பேர். புதுத் தொலைநோக்கி எந்த வெற்றிடத்தைப் பார்க்க வேண்டும், ஏன் அவ்வளவு பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். இப்படி அவள் பேசி அவன் கேட்டதே இல்லை. அந்த நேரம் பார்த்துத் தட்டு இடப்பக்கம் சரிந்தது. வலது கன்னத்தின் ஓரம் பிறையாக வெளியே வந்தது. அறையெல்லாம் கண் கூசும் வெளிச்சம். மாமியார் கையால் கண்ணை மறைத்தாள். “படம் வெளுத்துப்போச்சு மேடம், ஒண்ணும் தெரியல” என்றது திரை. மனைவி சொல்ல வந்த சொல்லைத் தவறவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு திணறினாள்.

இன்னும் ஒரு விரல்கடை சரிந்தால் முழு முகமும் திரும்பக் கிடைத்துவிடும். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவன் வேண்டிக்கொண்டது அதைத்தான். குரலும் உதட்டோரம் வரை வந்து நின்றது. அவள் போகாமல் இருக்க அவன் எதுவுமே செய்ய வேண்டியதில்லை, சும்மா பிரகாசித்தால் போதும். அதில் அவனுக்கு நல்ல அனுபவமும் உண்டு.

கொஞ்சம் இடது, என்று தனக்கே கட்டளை அனுப்பினான். நாற்காலியை ஓசைப்படாமல் நகர்த்தி, தலையைச் சாய்த்து, வட்டத்துக்கு நடுவில் முகத்தைக் கொண்டுபோய் நிறுத்தினான். வெளிச்சம் அடங்கியது. மனைவி அவன் பக்கம் திரும்பி ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்து, விட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டாள். பேசி முடிக்கும்வரை அவன் கழுத்தை அசைக்கவில்லை. சுளுக்கு நாலு நாள் இருந்தது.

அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு வருடம் என்றது ஆறு வருடமானது. சூரியக்காரன் வாரக் கடைசியில் ரயிலில் போய் வருகிறான். அலுவலக அட்டையில் வட்டத்தோடு புதுப் புகைப்படம் ஒட்டியாகிவிட்டது, வாசல் இயந்திரமும் இப்போது தகராறு செய்யாமல் திறக்கிறது. அந்த ஊரில் அவன் கேலக்ஸி மேடத்தின் வீட்டுக்காரர். புதிதாக வருகிறவர்கள் முகத்தைப் பற்றி விசாரித்தால், “மாப்பிள்ளைக்கு அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு மாமியார் டீ ஊற்றுகிறாள். எப்போதாவது சாப்பாட்டின் நடுவே அவன் தன்னை மறந்து சூரியனைப் பற்றித் தொடங்கிவிடுவான், கன்னம் பிறையாக எட்டிப் பார்க்கும். மனைவி தன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “கொஞ்சம் இடது” என்பாள். அவன் நகர்ந்து உட்கார்ந்துகொள்வான். அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.