அறுபத்து நான்காம் எண்

பக்கத்து வீட்டு ஹுடாக்கின் மகன் டேரனை எந்த அணியும் எடுக்கவில்லை. ஏப்ரலில் அமெரிக்கக் கால்பந்து அணிகள் வரிசையாகப் பெயர் சொல்லிப் பையன்களை எடுக்கும் டிராஃப்டில், என் மகன் கர்ட்டை ஐந்தாம் சுற்றில் எடுத்தார்கள். தெருவே என் வீட்டில் பீர் குடித்தது. ஹுடாக்கும் வந்து சிரித்தபடி கை கொடுத்தான். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

டிராஃப்ட் முடிந்ததுமே கர்ட்டை எடுத்த அதே அணி டேரனுக்குப் போன் போட்டு, பயிற்சிக்கு வந்து பார் என்றது. கர்ட்டுக்கும் அவனுக்கும் ஒரே வேலை. பந்தை எறிகிறவன் மேல் எதிராளி பாயாமல் உடம்பால் மறிக்க வேண்டும். ஒழுங்காக மறித்தால் யாரும் உன் பேரைச் சொல்ல மாட்டார்கள். எதிராளியைப் பிடித்து இழுத்தால்தான் நடுவர் மைக்கில் உன் எண்ணைச் சொல்லுவார்.

ஆகஸ்டில் கடைசிப் பயிற்சி ஆட்டம். அதன் பிறகு ஆட்களைக் கழித்துக் கட்டுவார்கள். எங்கள் பையன்களில் ஒருவனுக்குத்தான் இடம் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. ஹுடாக் வீட்டு டிவியில் பார்த்தோம். என்னுடையதைவிடப் பெரிய டிவி. அவன் மனைவி ஆர்லீன் முட்டைக்கோஸ் நூடுல்ஸ் வைத்தாள். திரையில் பையன்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள்.

"உன் பையன் பின்னாடியே போறான். ஷூ வழுக்குதா?" என்றேன்.

"விழல இல்ல, அது போதும்யா," என்றான் ஹுடாக்.

எங்கள் அணி பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோன நேரத்தில் தப்பாட்டத்துக்கு நடுவர் எறியும் மஞ்சள் துணி தரையில் விழுந்தது. நான் எழுந்துவிட்டேன்.

"போச்சு. டேரன்தான்யா. அவன் கை சும்மா இருக்காதுன்னு அப்பவே சொன்னேன்."

"நடுவர் வாயத் தொறக்கட்டும், மெர்ல்," என்றாள் ஆர்லீன்.

"எதுக்கு? என் கண்ணு அவிஞ்சா போச்சு?"

நடுவர் வாயைத் திறந்தார். எழுபத்திரண்டு என்றார். கர்ட்டின் எண். எடுத்த புள்ளியும் போயிற்று. ஹுடாக் சிரிக்கவில்லை, டிவி சத்தத்தைக் குறைத்தான். சிரித்திருந்தால் பொறுத்திருப்பேன்.

கழிக்கிற நாளன்று அவன் கார் ஷெட்டில் உட்கார்ந்திருந்தோம். இடம் கிடைத்தவனை யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை, போகிறவனைத்தான் கூப்பிடுவார்கள். ஐஸ் பெட்டி மேல் எங்கள் இரண்டு போன்களும் கிடந்தன. அவனுடையது அடித்துத் தொலைய வேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னுடையது அடித்தது.

"பையைக் கட்டிட்டேன்பா," என்றான் கர்ட்.

"வேற டீம் கூப்பிடும்யா," என்றான் ஹுடாக்.

"உன் ஆறுதல நீயே வெச்சுக்க."

எந்த அணியும் கூப்பிடவில்லை. கர்ட் இப்போது கூரை போடுகிறான். டேரன் ஒன்பது வருஷம் ஆடினான். ஞாயிறுதோறும் அந்தப் பெரிய டிவி முன்னால் உட்கார்ந்து, நடுவர் அவன் எண்ணை, அறுபத்து நான்கு என்று, சொல்வாரா எனக் காத்திருந்தேன். சில நாள் சொன்னார். அன்று நூடுல்ஸ் ருசியாக இருக்கும். அடுத்த ஞாயிறும் டேரன்தான் நிற்பான்.

போன ஜனவரியில் முட்டி போய் அவன் கடைசி ஆட்டம் ஆடினான். முடிந்ததும் ஹுடாக் கண்ணைத் துடைத்தான்.

"பாத்தியா மெர்ல், இன்னிக்கும் அவன் பேர ஒருத்தரும் சொல்லல."

"என் பையன் பேர அந்த ஏப்ரல் டிராஃப்ட்ல நாடே கேக்குற மாதிரி சொன்னாங்கய்யா," என்று சொல்லிவிட்டு என் பீரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.