திரும்பும் தேதி

ஐம்பத்திரண்டு வயதுவரை அம்சம் தஞ்சாவூரைத் தாண்டிப் போனது மூன்றே தடவை. மூன்றும் ஆஸ்பத்திரிக்கு. அதனால் ஆடி மாதத்தில் ஒருநாள், "துபாய்க்கு வாங்கம்மா, எல்லாரும் பத்து நாள் சுத்திப் பாத்துட்டுப் போலாம்" என்று மகன் பரிதி போனில் சொன்னபோது வீட்டில் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எந்தப் பத்து நாள்?"

கேட்க வேண்டியிருந்தது. கீழ்வேளூருக்குத் தெற்கே அவர்கள் ஊரில் நாலு மா சொந்த நிலம். சென்னைக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் எட்டு மா குத்தகை நிலம். இரண்டும் அவள் பொறுப்பு. கணவர் செல்லதுரைக்கு நெல் கிடங்கில் மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது; வயலில் குனிய முடியாது. அதுபோக, சுற்றுப்பட்டு மூன்று ஊர்களில் நடவு நடும் இருபத்திரண்டு பெண்களின் செட்டுக்கு அவள்தான் தலைவி. இன்றைக்கு யார் வயல், நாளைக்கு யார் வயல், யாருக்கு உடம்பு முடியவில்லை, அவளுக்குப் பதில் யார் என்பதெல்லாம் அம்சத்தின் வாயிலிருந்து வந்தால்தான் நடக்கும். அவள் அம்மா கடைசிவரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர். அந்தக் குடும்பத்தில் தன் பேருக்குக் குத்தகைச் சீட்டு எழுதி வாங்கிய முதல் ஆள் அம்சம்தான்.

மகள் எழில்மொழி காலண்டரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தஞ்சாவூரில் எம்.எஸ்ஸி. படிக்கிறவள், அவள் சொன்னால் அம்மாவுக்கு அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

"ஆவணி பதிமூணு நாத்து விடுறோம். செப்டம்பர் பதினாலு கிளம்பறோம், இருபத்துநாலு வந்துடறோம். அப்ப நாத்துக்கு இருபத்தாறு நாள்தான் ஆயிருக்கும். முப்பதாம் நாள்தானே நடவு? நாலு நாள் உனக்குக் கையில இருக்கும்மா."

அம்சமும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். சரியாகத்தான் வந்தது. அதற்குப் பிறகு எழில் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது. எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. ஒன்றையும் படித்துச் சொல்லச் சொல்லி அவள் கேட்கவில்லை. நாலு மாதம் முன்பு பிறந்த பேத்தியை அதுவரை போனில்தான் பார்த்திருந்தாள். செல்லதுரையின் பழைய வேட்டியை, நைந்து மெத்தென்று ஆனதாகப் பார்த்து, வெட்டி ஐந்து சட்டை தைத்து மடித்து வைத்தாள்.

கிளம்புகிற அன்று காலை ஆறு மணிக்கு ஊர் வாடகைக் கார்க்காரர் அப்சரின் கார் வாசலில் வந்து நின்றது. செட்டில் அம்சத்துக்கு அடுத்தபடி கைவேகம் உள்ளவள் கலைமகள். இருபது வருஷச் சிநேகிதி. மல்லிகைச் சரம் கொண்டுவந்து தலையில் வைத்துவிட்டாள். வைத்த கையோடு அழ ஆரம்பித்தாள்.

"பத்து நாளைக்கு ஏண்டி இப்படி அழுவுற?"

"ஒண்ணுமில்லக்கா. உடம்பப் பாத்துக்க" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கலைமகள் விலகிப் போனாள். அவளுக்குப் பாசம் அதிகம் என்று அம்சம் நினைத்துக்கொண்டாள்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று எஞ்சினை மாற்றிக்கொண்டு அங்கேயே நின்றது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. காரிலிருந்து இறங்கி நின்ற அம்சம் வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் பார்த்தாள்.

"வந்த மறுநாளே வடக்கு வயல்ல வரப்பு வெட்டிரணுங்க. இந்தத் தண்ணி நம்மூருக்கு வந்து சேர ரெண்டு நாள் ஆவும்" என்றாள்.

"ம்" என்றார் செல்லதுரை.

வழக்கமாக வரப்பு என்றால் பத்து வார்த்தை பேசுகிற மனிதர். எழில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பயணக் களைப்பு போல என்று அம்சம் இரண்டு பேருக்கும் டப்பாவிலிருந்த புளிச்சோற்றை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் பாதியை அப்படியே வைத்துவிட்டார்கள். தஞ்சாவூரில் டீ குடித்தார்கள். வல்லம் தாண்டியதும் பச்சை போய்ச் செம்மண் வந்தது. அப்சர் பாட்டுப் போடட்டுமா என்று கேட்டதற்கு அம்சம் மட்டும்தான் பதில் சொன்னாள். பதினொன்றரைக்குத் திருச்சி விமான நிலையத்தில் அவர்களை இறக்கிவிட்டு, "நல்லபடியா போயிட்டு வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பினார்.

டிக்கெட் பார்க்கும் கவுன்டரில் ஒரு சின்னப் பெண். பாஸ்போர்ட்டுகளைப் புரட்டினாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"சாருக்கும் இவங்களுக்கும் ரிட்டர்ன் செப்டம்பர் இருபத்துநாலு. அம்மாவுக்கு நவம்பர் பன்னெண்டு. சரிங்களா?"

அம்சம் சிரித்தாள். "தப்பாப் பாக்குறீங்கம்மா. மூணு பேரும் ஒண்ணாத்தான் வர்றோம்."

"இல்லீங்கம்மா. விசாவும் உங்களுக்கு மட்டும் அறுபது நாளுங்க."

அம்சம் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பையின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த வார் சரியாகத்தான் இருந்தது. மகளைப் பார்த்தாள். எழிலின் கண்கள் அதற்குள் நிறைந்துவிட்டிருந்தன. இது கைதவறி நடந்தது இல்லை, தெரிந்தே செய்தது என்று அந்த நிமிஷத்தில் அம்சத்துக்குப் புரிந்தது.

வரிசையை விட்டு மூன்று பேரும் ஓரமாக வந்தார்கள்.

"அண்ணிக்கு லீவு முடிஞ்சிருச்சும்மா" என்று எழில் மெதுவாகச் சொன்னாள். "பாப்பாவப் பாத்துக்கிட்ட பொண்ணு வேலைய விட்டுப் போயிருச்சு. நவம்பர்ல அண்ணியோட அம்மா வந்துருவாங்க. அதுவரைக்கும்தான்."

"எப்பத்திலேருந்து தெரியும் ஒனக்கு?"

"டிக்கெட் போட்டப்பவே."

"நீதானடி நாள எண்ணிச் சொன்ன? நாத்துக்கு இருபத்தாறு நாள்னு, எம் பக்கத்துல உக்காந்து?"

செல்லதுரை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சொன்னா நீ வரமாட்டேன்னு பரிதிதான் சொன்னான். அங்க போயி பதமா சொல்லிக்கலாம்னு இருந்தோம். நடவப் பத்தி நீ கவலப்படாத. கலைமகள்கிட்ட எல்லாம் பேசியாச்சு."

அம்சம் போனை எடுத்துக் கலைமகளைக் கூப்பிட்டாள். "என்னடி பேசினீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"மூணு வாரம் முன்னாடி அண்ணன் வந்து சொல்லுச்சுக்கா. ஒனக்குத் தெரியக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு" என்றாள் கலைமகள். பிறகு, "ஒரு போகமாவது நான் முன்ன நின்னு செட்ட நடத்தணும்னு எனக்கும் ஆசை இருந்துச்சுக்கா. இல்லேன்னு சொன்னா பொய்யி" என்றாள்.

அன்றைக்கு அவளிடம் யாராவது முழு உண்மையைச் சொன்னார்கள் என்றால் அது கலைமகள் மட்டும்தான். அதுவும் கேட்ட பிறகு.

அடுத்து பரிதி. அவனே கூப்பிட்டான், எழில் செய்தி அனுப்பியிருக்க வேண்டும்.

"அம்மா, கோவப்படாத. மொதல்ல இங்க வா. அப்பறம் பாத்துக்கலாம்."

"தேதிய மாத்துடா. இப்பவே மாத்து. நான் ஏறுறேன்."

"இப்ப முடியாதும்மா."

"முடியாதா, மாட்டியா?"

பின்னாலிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. போய்விடலாம் என்றுகூட அம்சத்துக்குத் தோன்றியது. அறுபது நாள்தானே, யார் செத்துப்போகப் போகிறார்கள் என்று அவளே தன்னிடம் சொல்லிக்கொண்டாள். அப்போது பரிதி சொன்னான்: "ஒம் பேத்திம்மா. ஒனக்கு நடவுதான் பெருசா?"

"நீ கேட்டிருந்தா வந்திருப்பனோ என்னமோ" என்றாள் அம்சம். "அது ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஏன்னா நீ கேக்கவே இல்ல."

போனை வைத்துவிட்டுப் பெட்டியைத் தரையில் கிடத்தித் திறந்தாள். ஐந்து சட்டைகளையும் எடுத்து மகள் கையில் கொடுத்தாள். "தண்ணியில அலசிட்டுப் போடச் சொல்லு." பெட்டியை மூடி நிமிர்ந்தாள். செல்லதுரை அவளுக்கு எதிரே நின்றார். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். 'சரி, வா, நானும் வீட்டுக்கு வர்றேன்' என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் மற்றதையெல்லாம் அன்றைக்கே விழுங்கியிருப்பாள். முப்பது வருஷம் அந்த மனிதரின் இடுப்புக்கு எண்ணெய் தேய்த்தவள்.

"புள்ள ஏர்போர்ட்டுல வந்து நிப்பான்" என்றார் அவர். தன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரிசைக்குப் போனார். எழில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளும் போனாள்.

உள்ளே வந்துவிட்டால் நினைத்தபடி வெளியே போக முடியாதாம். வாசலில் நின்ற காவலர் தடுத்தார். கவுன்டர் பெண்ணே எழுந்து வந்து, ஒரு நோட்டில் எழுதி, அவளை வெளியே கூட்டிக்கொண்டு போய் விட்டாள்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா."

திருச்சியிலிருந்து தஞ்சாவூர், தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், அங்கிருந்து டவுன் பஸ். அழுகை வரும் என்று ஒவ்வொரு பஸ்ஸிலும் ஜன்னலோரமாகப் பார்த்து உட்கார்ந்தாள். வரவில்லை. இது தெரியாத முகம் யாருடையது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். மருமகள், அவள் அம்மா, அறுபது நாள் விசா எடுத்துக் கொடுத்த நாகப்பட்டினத்து ஏஜென்ட். முன்பின் பார்த்திராத அந்த ஆளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் ஊரில் இறங்கினாள். கலைமகள் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பெட்டியை வாங்கக் கை நீட்டினாள். அம்சம் கொடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கலைமகளின் வீட்டு வாசலில் போய் நின்றாள். "ஆசையிருந்தா எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமேடி. கெழக்கூர் நடவ இந்தத் தடவ நீ முன்ன நின்னு பாரு. பத்து பேர அழைச்சுக்க." கலைமகள் காலில் விழாத குறையாக அழுதாள். கொடுத்ததை அம்சம் திருப்பி வாங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வரப்பில் சாப்பிட உட்காரும்போது கலைமகளுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்வதில்லை.

இருபத்துநாலாம் தேதி மத்தியானம் செல்லதுரையும் எழிலும் வந்தார்கள். எழில் நேராக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அம்சம் கணவருக்குச் சோறு போட்டாள். அவர் பேரீச்சம்பழ டப்பாவை எடுத்து வைத்தார். பிறகு போனைத் திறந்து நீட்டினார். படத்தில் குழந்தை அவள் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பொக்கை வாயோடு சிரித்தது. அம்சம் அதை மூன்று தடவை பார்த்தாள். குழந்தையைத் தூக்கி வைத்திருந்த கை அவளுக்குத் தெரியாத கையாக இருந்தது.

"யாரு இது?"

"பாப்பாவப் பாத்துக்க வச்சிருக்கான். கேரளாக்காரம்மா. நல்ல மனுஷி."

"எப்ப வச்சான்?"

செல்லதுரை சோற்றைப் பிசைந்தார். "நாங்க போயி மூணாம் நாளு."

"மூணு நாள்ல ஆளு கெடச்சிருச்சா" என்றாள் அம்சம்.

அவள் போனை அவர் பக்கத்தில் தரையில் வைத்தாள். ரசத்தை ஊற்றிவிட்டுக் கிண்ணத்தையும் அங்கேயே வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வடக்கு வயலுக்குப் போனாள். வரப்பு வெட்ட வேண்டியிருந்தது.