பல்லில் கவ்விய பனையேறி

விரால் பிடிக்கிறவனுக்குப் பொறுமை வேண்டும் என்று எவன் சொன்னானோ, அவன் என் மாப்பிள்ளை இளவழகனைப் பார்த்ததில்லை. என் தங்கை துர்காவின் புருஷன், திண்டிவனத்தில் கொத்தனார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், சட்டி பானையை உருட்டி வீட்டையே எழுப்பிவிட்டு ரீல் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். தூண்டில் தண்ணீரில் விழுந்த அடுத்த நிமிஷமே, "இன்னா மச்சான், ஒண்ணையும் காணோம்?" என்பான். நான் என்ன ஏரிக்கு அடியிலா குடியிருக்கிறேன்?

அன்றைக்குப் பெருமுக்கல் மலையைத் தாண்டி ஒரு ஏரிக்குப் போனோம். நான், அவன், எங்கள் கூட்டாளி சகாயராஜ். சகாயராஜுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. பிடிக்கிறவனை போனில் லைவ் போடத் தெரியும். அந்த ஏரியில் தொடைப் பருமனுக்கு விரால் ஒன்று கிடக்கிறது, வாத்துக் குஞ்சையே இழுத்துக்கொண்டு போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பேச்சைக் கேட்ட நாளிலிருந்து இளவழகனுக்குச் சோறு இறங்கவில்லை.

பெரிய விராலுக்கு உயிருள்ள இரைதான் சரி. பக்கெட் நிறைய பனையேறிக் கெண்டை கொண்டு வந்திருந்தான். உள்ளங்கையளவு மீன்தான், ஆனால் உடம்பெல்லாம் முள். கரையில் தூக்கிப் போட்டாலும் லேசில் சாகாது, செவுளை ஊன்றி நடந்தே போகும். "கெட்டி உசுரு மச்சான்" என்று அதை மெச்சிக்கொள்வான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பாழாய்ப்போன பழக்கம் உண்டு. ஏரி வற்றும்போது சேற்றில் கைவிட்டு மீன் தடவுகிறவர்கள், ஒன்று கிடைத்தால் பையைத் தேடிக் கரைக்கு வரமாட்டார்கள். அதன் தலையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் அடுத்ததைத் தடவுவார்கள். சின்ன வயதிலிருந்து சேற்றில் உழன்றவன் இளவழகன். ரீல் தூண்டில் வாங்கினாலும் பல் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

ஒரு தூண்டிலைக் கரையோரம் ஊன்றிவிட்டு, இன்னொன்றுக்கு இரை மாட்டிக்கொண்டிருந்தான். ஊன்றியது திடீரென்று வளைந்தது. ரீல் கிர்ரென்று கத்தியது. கையிலிருந்த பனையேறியைப் பக்கெட்டில் போட்டிருக்கலாம். பக்கெட் காலடியில்தான் இருந்தது. அவன் அதைப் பல்லில் கவ்விக்கொண்டு முட்டியளவு தண்ணீருக்குள் பாய்ந்தான்.

அப்பப்பா, அந்த மீன்! ஒரு தடவை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. கறுத்த முதுகு, அகண்ட வாய். என் வயசுக்கு அப்படி ஒரு விராலை நான் கண்டதில்லை. இளவழகன் கம்பை வயிற்றில் முட்டுக் கொடுத்து இழுத்தான், விட்டான், மறுபடி இழுத்தான். பனையேறியின் வால் அவன் வாயில் படபடவென்று அடித்தது.

"டேய், துர்கா லைவ்ல பார்த்துக்கினு இருக்குதுடா! இப்பிடி திரும்பு!" என்று சகாயராஜ் கத்தினான்.

விரால் களைத்து அவன் முழங்காலருகே வந்துவிட்டது. கைவலை என்னிடம் இருந்தது. என்னைக் கூப்பிட வாயைத் திறந்தான்.

"மச்..."

அவ்வளவுதான். மிச்ச வார்த்தை வரவில்லை.

பிறகு அவன் ஆடினான். நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டான். குதித்தான். தண்ணீரை அறைந்தான். பெரிய மீன் மாட்டினால் அவன் இப்படித்தான் குதியாட்டம் போடுவான், ஊருக்கே தெரியும். சகாயராஜ் விசிலடித்தான். "போடு மாப்ள, போடு!" என்று நானும் கத்தினேன். கத்திக்கொண்டே பார்த்தால், தூண்டில் கம்பு தண்ணீரில் மிதந்து போகிறது. அவன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறான். விரால் மாட்டிய கம்பை எவனாவது கைவிடுவானா?

வலையைப் போட்டுவிட்டு ஓடினேன். சகாயராஜும் போனை அணைத்துப் பையில் திணித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தான். இளவழகன் கண் இரண்டும் பிதுங்கி நின்றன. முகம் நீலம் பாய்ந்திருந்தது. வாயைப் பிளந்து பார்த்தேன். தொண்டைக்குள் வால் நுனி மட்டும் தெரிந்தது. பிடித்து இழுத்தேன். செவுள் முள்ளும் முதுகு முள்ளும் விரிந்து சதையில் மாட்டிக்கொண்டிருந்தன. ரத்தம்தான் வந்தது, மீன் வரவில்லை. முதுகில் அறைந்தேன், வயிற்றை அமுக்கினேன். அவன் என் சட்டையைப் பிடித்து உலுக்கினான், நான் என்னவோ வேண்டுமென்றே சும்மா நிற்கிற மாதிரி.

"வண்டிய எட்றா, ஜல்தி!"

சகாயராஜ் பைக்கை ஓட்டினான். நடுவில் இளவழகன், பின்னால் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான். "வுட்றாத மாப்ள, தோ வந்துருச்சு, திண்டிவனம் தோ வந்துருச்சு" என்று காதில் கத்திக்கொண்டே வந்தேன். என் மணிக்கட்டை அவன் நகம் பதியப் பிடித்திருந்தான். மேம்பாலம் ஏறும்போது அந்தப் பிடி தளர்ந்தது. நான் கத்துவதை நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் கிடத்தி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நேரம் பார்த்து துர்கா கூப்பிட்டாள்.

"இன்னாண்ணா, லைவ் கட்டாயிடுச்சு? மீன் எத்தினி கிலோ? மசாலா அரைச்சுக்கினு இருக்கேன், தலைய தனியா வெட்டிக்கினு வரச் சொல்லு."

"முள்ளு குத்திடுச்சு துர்கா. ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கோம். நீ வாயேன்."

"இந்த ஆளோட ஒரே பேஜாருண்ணா. வர்றேன்."

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "கொண்டு வரும்போதே மூச்சு இல்லைங்க" என்றார். பக்கத்தில் ஒரு தட்டு. அதில் ரத்தத்தோடு பனையேறி. செவுள் திறந்து மூடியது. மறுபடி திறந்து மூடியது. ஐயோ, அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது! மலை மாதிரி ஆள் போய்விட்டான், உள்ளங்கையளவு சனியன் உயிரோடு கிடக்கிறது. தட்டைத் தூக்கி எறியப் போனேன், நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். சகாயராஜ் தரையில் குந்தி வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். ஆட்டோ ஒன்று வந்து நின்றது. துர்கா இறங்கினாள், கை விரலெல்லாம் மஞ்சளும் மிளகாயுமாக. இடுப்பில் மகள் தன்ஷிகா. மூணு வயசு இன்னும் முடியவில்லை.

"எங்கண்ணா அவரு? உள்ள கட்டுப் போடுறாங்களா?" என்று சிரித்தாள். "இன்னைக்கு போட்டாரு பாரு ஒரு ஆட்டம்! பக்கத்து வூட்டு செண்பகம் அக்காவ கூப்ட்டு காட்டினேன், ரெண்டு பேரும் வயிறு வலிக்க சிரிச்சோம். இந்தக் குட்டி அதப் பார்த்துட்டு நிறுத்தவே மாட்டேங்குது. மாமாவுக்கு ஆடிக் காட்டுடி."

இறக்கிவிட்டாள். தன்ஷிகா என் முன்னால் நின்று, கண்ணை உருட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்தாள். குதித்தாள். மறுபடி அடித்தாள். வாயை அகலத் திறந்து மூடினாள்.

மண்டியிட்டு அந்த இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"வுடுண்ணா" என்றாள் துர்கா. "ஆடட்டும்."