மாஸ்டர் வரும்வரை

1

என் பைக் பஞ்சராகாமல் இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை. செம்மேட்டில் முருகானந்தத்தின் பஞ்சர் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஷட்டர் மூடியிருந்தது. அதன்மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அதில் பந்தோடு சிரிக்கும் அவர். மலைப் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அங்கேயே அழுதுவிட்டேன். அந்தப் பக்கம் போன ஒருவர், "அழுவாதீங்க, பஸ் ஸ்டாண்டுகிட்ட இன்னொரு பஞ்சர் கடை இருக்குதுங்க" என்று ஆறுதல் சொன்னார்.

2

"பனி படர்ந்த கொல்லிமலையில் ஒரு மாமனிதர்..."

(எழுதி, உடனே அடித்துவிட்டேன். மாமனிதர் என்றால் அவரே சிரிப்பார்.)

"மைதானம் சாய்வாக இருந்ததால்..."

(இது இருக்கட்டும்.)

மைதானம் உண்மையிலேயே சாய்வுதான். கீழ்ப்பக்க எல்லைக்கோட்டைத் தாண்டினால் பந்து மரவள்ளிக் காட்டுக்குள் உருண்டுவிடும். யார் உதைத்தாலும் மாஸ்டர்தான் இறங்கி எடுத்துவருவார். இறங்கும்முன் தன் விசிலைக் கழற்றி, பந்தை வெளியே உதைத்தவள் கழுத்தில் மாட்டுவார்.

"நா வார வரைக்கும் நீதான் மாஸ்டர், கண்ணு."

திட்டு விழும் என்று நடுங்கி நின்றவள், அடுத்த நிமிடம் இன்னொரு பந்தை வைத்து ஆட்டத்தை நடத்துவாள்.

(விசிலுக்கு ஆசைப்பட்டே வெளியே உதைத்தவர்களும் உண்டு. அவருக்கும் அது தெரியும்.)

3

தேன்மொழியைக் கதையில் சேர்ப்பதா என்று ரொம்பவே தயங்கினேன். அணியின் கேப்டன் அவள்தான். மாஸ்டர் போனபிறகு மைதானம் பக்கமே வரவில்லை. வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்டேன்.

"அண்ணா, அன்னிக்கு நா வேணும்னேதானுங்க ஒதச்சேன். விசிலு ஆசையில."

விசில் கிடைத்த குஷியில் ஆட்டத்தை நடத்தியிருக்கிறாள். மாஸ்டர் திரும்ப நேரமானதை ஒருத்தியும் கவனிக்கவில்லை. ஆட்டம் முடிந்து இறங்கிப் பார்த்தபோது, மரவள்ளிக்கு நடுவில் பந்தை அணைத்தபடி கிடந்தார். மாரடைப்பு.

"கதையிலயாச்சும் பந்த உள்ளயே நிறுத்திருங்கண்ணா."

4

முடிவு ஒன்று: பந்து கோட்டருகே நின்றுவிடுகிறது. மாஸ்டர் கடைக்குப் போய் என் பைக்குக்குப் பஞ்சர் ஒட்டுகிறார்.

(எழுதியபோது சந்தோஷமாக இருந்தது. ஆனால் மறுநாள் வேறொருத்தி உதைப்பாளே. எல்லாப் பந்தையும் உள்ளேயே நிறுத்தினால் விசில் எவள் கழுத்துக்கும் போகாது. அப்படி ஒரு மாஸ்டரை எனக்குத் தெரியாது.)

முடிவு இரண்டு: மாஸ்டரின் மனைவி கண்ணாயி, தேன்மொழியைக் கட்டிக்கொண்டு, "உம்மேல தப்பில்ல சாமி" என்று...

(எழுதும்முன் கண்ணாயியிடமே கேட்டேன். "எப்படிங்க சொல்றது? அந்தப் புள்ளயப் பாத்தாலே எனக்கு வவுறு எரியுது" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆனா விசில மட்டும் திருப்பிக் கேக்க மாட்டேனுங்க. அவரு குடுத்தது" என்றார்.)

இரண்டு முடிவும் போயிற்று.

5

நாளை மாஸ்டர் நினைவாகப் போட்டி. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை. தேன்மொழி வருவாளா, தெரியவில்லை. விசில் அவளிடம்தான் இருக்கிறது. இறங்கிப் போனவர் இன்னும் திரும்பி வரவில்லை. அப்படியென்றால், அவர் சொன்ன கணக்குப்படி இன்றைக்கும்...

(இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன். அவளிடம் இதைச் சொன்னால் எழுந்து வருவாளா, இல்லை அடியோடு உடைந்துபோவாளா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் வீடு மைதானத்துக்குப் பக்கத்தில்தான். போய்ச் சொல்வதானால் நீங்கள் சொல்லுங்கள்.)